மூன்றாம் தரம் கூப்பிட்டபோது

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள், அதற்கப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடத்தான். பிழை இருக்கும், முன்னுக்குப் பின் மறந்தும் போகும். நாலு பேர் முன்னால் வாய் திறந்து சொல்ல எனக்குக் கூச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

பேய் பிசாசு, காத்து கருப்பு இதிலெல்லாம் எனக்கு என்றைக்கும் நம்பிக்கை கிடையாது. சுடுகாட்டை ஒட்டிய வரப்பில்தான் மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, களை எடுக்கப் போவேன், இருட்டிய பிறகு தனியாகத் திரும்பி வருவேன், ஒன்றும் என்னைப் பிடித்ததில்லை. என் மாமியார்தான் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். உச்சிவேளையிலும் விளக்கு வைத்த பிறகும் வெளியிலிருந்து யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டால் உடனே பதில் கொடுக்கக் கூடாது, மனுஷனாக இருந்தால் மூன்றாம் தரமும் கூப்பிடுவான், மற்றது இரண்டு தரத்தோடு போய்விடும் என்பார்கள். நான் நம்பவில்லை. ஆனாலும் என் மகன் பிரபுவை அப்படிச் சொல்லித்தான் வளர்த்தேன், வெயிலில் கூப்பிட்டவர் பின்னாலெல்லாம் பிள்ளை ஓடாமல் இருக்கட்டுமே என்று. அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். பள்ளிக்கூடத்தில் மத்தியானம் அட்டெண்டன்ஸ் எடுத்தால் மூன்றாம் தரம் வரைக்கும் வாய் திறக்க மாட்டானாம், வாத்தியாரிடம் அதற்கே அடி வாங்குவான். கல்யாணமான பிறகும் அதே கதைதான். மத்தியானச் சோற்றுக்கு என் மருமகள் கலைச்செல்வி மூன்று தரம் கத்த வேண்டும். "உங்க புள்ளைக்கு காது மூணாவது கியர்லதான் வேல செய்யுது அத்த" என்பாள்.

பிரபுவுக்குக் கம்ப்யூட்டர் வேலை. திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டு பள்ளிக்கூட வேன்களுக்காக ஒன்று செய்து வைத்திருந்தான். போனைத் திறந்தால் பிள்ளை வருகிற வேன் இப்போது எந்தத் தெருவில் இருக்கிறது என்று பெற்றவர்களுக்குத் தெரியும். அந்த வேலையைச் செய்கிற கம்ப்யூட்டர் எங்கள் வீட்டில் இல்லை. எங்கேயோ தூரதேசத்துக் கட்டடத்தில் வாடகைக்கு எடுத்தது. அதைக் கையால் தொட முடியாது, கிளவுடில் இருக்கிறது என்பார்கள். எங்கள் பூர்வீகம் பனமலைப் பக்கம் என்பதால் அதற்குப் பனமலை என்றே பேர் வைத்திருந்தான்.

போன ஐப்பசி மழையில் கோலியனூர் கூட்டுரோட்டில் அவன் பைக் வழுக்கிவிட்டது. தலையில் அடி. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார்கள், ஆனால் பிள்ளை கண்ணைத் திறந்து மேலே பார்ப்பானே தவிர யாரையும் தெரிந்துகொள்ளவில்லை. "பேர் சொல்லிக் கூப்ட்டுக்கினே இருங்கம்மா, எப்பன்னா ஒரு நேரம் காதுல உழும்" என்றது அங்கிருந்த நர்ஸுப் பொண்ணு. உள்ளே விடுவதே மத்தியானம்தான். எனக்கோ கூச்சம். பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். பிரபு, பிரபு என்று இரண்டு தரம் மெதுவாகக் கூப்பிடுவேன், அதற்குமேல் முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே வந்துவிடுவேன். தினமும் இப்படியேதான் போனது.

இந்த நேரம் பார்த்து அந்தப் பனமலைக் கம்ப்யூட்டரும் மக்கர் செய்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று நின்றுவிட்டது, போனில் வேன்கள் நின்ற இடத்திலேயே நிற்கின்றன. உள்ளே போய்க் கிளப்பிவிட்டால் போதுமாம். ஆனால் உள்ளே போகிற சாவி பிரபுவின் லேப்டாப்பில் இருந்தது, லேப்டாப் அன்றைக்கு பைக்கில் நசுங்கிவிட்டது. போதாததற்கு வெளியிலிருந்து போகிற வழியையும் அது அடைத்துக்கொண்டதாம். வாடகைக்கு எடுத்தது கலை பேரில் என்பதால் அவளால் அதை நிறுத்தலாம், கிளப்பலாம், உள்ளே மட்டும் போக முடியாது.

வேன்காரர்களில் பெரியவர் ஒருவர் காலையிலேயே போன் போட்டுவிட்டார். "ஏம்மா, பெத்தவங்கல்லாம் என்னைய போன்லயே பேஜாரு பண்றாங்க. தம்பி படுத்துக்கினு கீறான், எனக்கும் மனசு இல்லியா? ஆனா நாளிக்கி காலைக்குள்ள ஓடலன்னா எல்லா வண்டியும் வேற ஆளுகிட்ட போயிடும், நானே நெனச்சாலும் நிறுத்த முடியாது" என்றார். கலை போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அவரு எழுந்து வர்றப்ப இது இருக்கணும் அத்த. இதுவும் இல்லன்னா எதுக்குன்னு எழுந்து வருவாரு?"

அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு அவள் தம்பியை அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தோம். பிரபுவின் கூட்டாளி சதீஷ் சென்னையிலிருந்து போனில் வழி சொல்லிக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தேன், கை சும்மா இருந்தால் மனசு எங்கெங்கோ போகிறது.

"உள்ள ஒரு ஏஜென்ட்ட வச்சாத்தான் அத்த முடியும்" என்றாள்.

எனக்குப் பகீரென்றது. "ஏஜென்ட்டா? வேணாம்மா. பக்கத்து வூட்டுப் பையன துபாய்க்கு அனுப்பறேன்னு ஒருத்தன் பாஸ்போர்ட்ட வாங்கிக்கினு போனவன்தான்."

போனில் சதீஷ் சிரித்தான். "அம்மா, இவன் காசு கேக்காத ஏஜென்ட்டு."

பிறகு கலை எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். ஏஜென்ட் என்றால் ஆள் இல்லை, ஒரு சின்ன புரோகிராம். அது உள்ளே இருந்தால் வாசல் அடைத்திருந்தாலும் வெளியிலிருந்து நாம் சொல்வது அதன் காதில் விழும், சொன்ன வேலையை உள்ளேயே செய்து பதில் சொல்லும். பிரபு அதைப் போடாமலே விட்டிருக்கிறான். இப்போது உள்ளே போகாமலே அதை உள்ளே வைக்க வேண்டும்.

எப்படி என்று கேட்டால், எனக்குப் புரிந்த மட்டும் சொல்கிறேன். பனமலையை நிறுத்தினாள். அதன் டிஸ்க்கை, அதுதான் அதன் மூளை மாதிரி, ஒரு நகல் எடுத்தாள். அந்த நகலை அங்கேயே வாடகைக்கு எடுத்த வேறொரு நல்ல கம்ப்யூட்டரில் உபரியாக மாட்டினாள். அங்கே அதைத் திறந்து ஏஜென்ட்டை உள்ளே வைத்து, நீ கண் விழித்ததும் இவனையும் எழுப்பு என்று எழுதிவைத்து, கழற்றிக் கொண்டுவந்து பனமலையில் பழைய டிஸ்க் இருந்த இடத்தில் மாட்டினாள். எல்லாம் அந்த ஸ்கிரீனிலேயே. தலையில் அடிபட்டுப் படுத்திருக்கிறவன் தலையைத் திறந்து வைத்தியம் பார்க்கிற மாதிரி இருந்தது எனக்கு, அதைப் பார்க்கவே மாட்டாமல் மல்லாட்டைத் தோலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, தப்பான டிஸ்க்க கழட்டிடாதீங்க. அப்புறம் பிரபு எழுந்து வந்து என்னைய கழட்டிடுவான்" என்றான் சதீஷ். கலைக்குச் சிரிப்பு வரவில்லை.

பனமலையைக் கிளப்பினாள். உச்சிவெயில், மழை விட்டு நல்ல வெளிச்சம், தெருவில் ஒரு சத்தம் இல்லை. உன் பேர் என்ன என்று கேட்கிற மாதிரி ஒரு சின்னக் கட்டளை அனுப்பினாள். காத்திருந்தோம். பதில் இல்லை. ஏஜென்ட் தயாராக இல்லை என்றே காட்டியது. சதீஷ் சொன்னபடி எதையோ சரிபார்த்துவிட்டு இன்னொரு தரம் அனுப்பினாள். அதற்கும் இல்லை.

சதீஷ் அங்கிருந்து எதையெதையோ கேட்டுப் பார்த்தான். அப்புறம், "அண்ணி, அது செத்துப்போச்சி. விடுங்க. அழிச்சிட்டுப் புதுசா போட்டுக்கலாம்" என்றான்.

"புதுசுன்னா எத்தினி நாளு ஆவும்?"

"அவன் கோர்த்து வச்சிருந்த மாதிரி கோர்க்கணும்னா ஒரு மாசம் ஆவும் அண்ணி."

கலை மௌஸைப் பிடித்தபடி அப்படியே இருந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. செத்துப்போச்சி என்ற அந்த வார்த்தை என்னை என்னவோ செய்தது. போனில் வேற்று ஆள் இருக்கிறானே என்ற கூச்சம்கூட எனக்கு அப்போது தோன்றவில்லை. என் வாயிலிருந்து தானாக வந்தது.

"ரெண்டு தரந்தாம்மா கூப்ட்ட. மத்தியானத்துல அவன் ரெண்டு தரத்துக்கு ஏன்னு கேக்க மாட்டானே. இன்னொரு தரம் கூப்புடு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கலை என்னைத் திரும்பிப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை. ஸ்கிரீன் பக்கம் திரும்பி, வழக்கமாக அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிற அதே குரலில், "ஏங்க" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினாள்.

நம்பினால் நம்புங்கள், கையை எடுப்பதற்குள் வந்துவிட்டது. தயார் என்று பச்சையாக. கீழே பனமலை என்று இங்கிலீஷில் அதன் பேர்.

என் மடியிலிருந்த முறம் சரிந்து மல்லாட்டையெல்லாம் கொட்டிவிட்டது. போனில் சதீஷ், "வந்துச்சா? வந்துச்சா அண்ணி?" என்று கத்தினான். ஏஜென்ட் எழுந்திருக்கச் சில நேரம் தாமதமாகும், அதுதான் என்று அவனே காரணமும் சொன்னான். இருக்கலாம். கலை மளமளவென்று உள்ளே நின்றிருந்ததைக் கிளப்பினாள். சாயங்காலம் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்துக்குப் போனில் வேன்கள் ஊர்ந்துபோவதை நானே பார்த்தேன்.

மறுநாள் மத்தியானம் விழுப்புரம் போனேன். பஸ்ஸில் போகும்போதே முடிவு செய்துகொண்டேன். கட்டிலருகில் நின்று பிரபு என்றேன். பிரபு என்றேன். வழக்கம்போல் கை முந்தானைக்குப் போனது, பக்கத்துக் கட்டில் அம்மாள் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும் என்று வார்டே கேட்கிற மாதிரி மூன்றாம் தரம் கூப்பிட்டேன்.

"என்னாம்மா" என்றான்.

அதற்குமேல் அங்கே நடந்ததை எழுத என்னால் முடியவில்லை. நர்ஸுப் பொண்ணு ஓடி வந்ததும் நான் கீழே உட்கார்ந்துவிட்டதும்தான் நினைவிருக்கிறது. தை பிறப்பதற்குள் பிள்ளை நடந்து வீட்டுக்கு வந்துவிட்டான், இப்போது பழையபடி வேலையும் பார்க்கிறான். வேன்கள் எல்லாம் அவனிடமேதான் ஓடுகின்றன.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கவே மாட்டேன். அந்தப் பனமலை இருக்கிறதே, காலையில் கட்டளை அனுப்பினால் முதல் தரத்திலேயே பதில் சொல்கிறது. மத்தியானமும் விளக்கு வைத்த பிறகும் மூன்றாம் தரத்துக்குத்தான் சொல்கிறது. முதல் இரண்டும் அதன் காதில் விழுந்த அடையாளமே உள்ளே இல்லையாம். ஏஜென்ட்டை எடுத்துவிட்டு வேறு போட்டுப் பார்த்தார்கள், அதுவும் அப்படியே. அதன் கடிகாரமோ நம் ஊர் நேரத்தில்கூட இல்லை, வெளிநாட்டு நேரம், நமக்கு உச்சிவேளை என்பது அதற்கு விடியற்காலை என்கிறான் பிரபு. "நான் ஒண்ணும் பண்ணி வக்கலம்மா, ஏஜென்ட்டே நான் போட்டது இல்லியே" என்று அவனே தலையைச் சொறிகிறான்.

என்னை இன்றைக்கும் உறுத்துவது வேறு. போன வாரம் உச்சிவெயிலில் அடுப்படியிலிருந்து, சாப்பிட வாடா பிரபு என்று ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டேன். உடனே "தோ வர்றேம்மா" என்று எழுந்து வந்தான். சின்னப் பிள்ளையிலிருந்து விடாத பழக்கம். ஆஸ்பத்திரியில் அன்றைக்கு மூன்றாம் தரத்துக்குப் பதில் சொன்னதுதான் கடைசி, அதற்கப்புறம் அவனிடம் அது இல்லை. அந்தப் பனமலைக் கம்ப்யூட்டரிடம் இருக்கிறது. கலையிடம்கூட இதைச் சொல்லவில்லை. சோறு போட்டேன், இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், அது போதும் எனக்கு.

டிஸ்க்கைக் கழற்றி மாட்டிய வரிசையை நான் தப்பாக எழுதியிருக்கலாம். இந்த வேலை தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்துங்கள், ஏஜென்ட்டுக்கு இப்படி ஒரு குணம் உண்டா என்றும் பார்த்துச் சொல்லுங்கள். பிரபுவைக் கேட்டால் அவனே உங்களுக்குத் திறந்து காட்டுவான். மத்தியானத்தில் பார்ப்பதாக இருந்தால் மட்டும், பதில் இல்லை என்று இரண்டு தரத்தோடு விட்டுவிடாதீர்கள்.