அப்பா பெயருக்கு வந்த உறை

கூரியர்க்காரன் வந்த புதன்கிழமை பிற்பகலில் வீட்டில் இருந்தவள் அம்மா மட்டும். அப்பா சி ரூசாவில், ஒரு கடற்கரை ஹோட்டலில் புல் வெட்டிக்கொண்டிருந்தார். நான் லோபாக்கில், ஒரு டியூஷன் நிலையத்தில் ஐந்தாம் படிவப் பிள்ளைகளுக்கு வேதியியல் நடத்திக்கொண்டிருந்தேன். தோட்டத்தில் முன்பு கங்காணியாக இருந்த பக்கத்து வீட்டு மண்டோர் மாமா வேலியோரம் நின்று பார்த்ததாக அம்மா பிறகு சொன்னாள். அதனால் இருந்தவர்களில் அவரையும் சேர்க்க வேண்டும்.

எங்கள் தோட்டத்துக்குப் பெடாஸிலிருந்து உள்ளே போக வேண்டும். நிலம் கைமாறி வீடமைப்புக்குப் போனபின் தொழிலாளர் லயத்தில் எட்டு வீடுகள்தான் மிஞ்சின. காலியான வீடுகளுக்குள் குரங்குகள் நடமாடின. எங்கள் பின்வாசலுக்குப் பத்தடி தள்ளி, சிவப்பு நாடா கட்டிய அளவுக் குச்சி ஒன்றை யாரோ ஊன்றிவிட்டுப் போயிருந்தார்கள். எண்ணெய்க்காக வளர்த்த செம்பனை மரங்களில் துளை போட்டு மருந்து ஊற்றியிருந்தார்கள். மருந்து ஊற்றிய மரம் உடனே விழாது. நின்றபடியே சாகும். மட்டைகள் ஒவ்வொன்றாக மடிந்து தண்டோடு ஒட்டித் தொங்கும். காற்றடித்தால் முன்பு கேட்ட சத்தம் இல்லை, வேறொரு சத்தம்.

பணம் வாங்கிக்கொண்டு காலி செய்யச் சொல்லி, நிலத்தை வாங்கிய நிறுவனம் பதிவுத் தபால் அனுப்பிக்கொண்டிருந்தது. குடும்பத் தலைவர் பெயருக்குத்தான் வரும். எட்டு வீட்டாரையும் கூட்டி வைத்து மண்டோர் மாமா ஒரே ஒரு சட்டம் போட்டிருந்தார்.

“ஆம்பள பேருக்கு எந்த சூராட், கடுதாசி வந்தாலும் கை வைக்காதீங்க. சைன் போட்டு வாங்கிட்டா நோட்டிஸ் கெடச்சிருச்சின்னு ஒத்துக்கிட்ட மாதிரிலா. அப்புறம் வீடு போச்சி.”

அது சரியான சட்டமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் எட்டு வீட்டிலும் அதுதான் நடந்தது. தபால்காரர் வருவார், பெயரைச் சொல்வார், பெண்கள் தலையாட்டுவார்கள், அவர் திரும்பிப் போவார்.

இதற்கு நடுவில்தான் நான் முதுகலைக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் மூன்றாம் படிவத்தைத் தாண்டியதும் நான்தான், பட்டம் வாங்கியதும் நான்தான். அதனால் இதைப் பற்றிக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. ஒரு நோட்டில் மூன்று பெயர்கள் எழுதிவைத்திருந்தேன். சிலாங்கூரில் ஒன்று: பக்கம்தான், விரிவுரையாளரைத் தெரியும், ஆனால் உதவித்தொகை கிடையாது. ஸ்காட்லாந்தில் ஒன்று: கட்டணத்தைப் பார்த்த அன்றே அடித்துவிட்டேன். ஜப்பானில் ஒன்று: மண்ணறிவியல், பாடம் ஆங்கிலத்தில், இடம் கிடைத்தால் கட்டணமும் மாதச் செலவும் அவர்களே தருவார்கள். நாற்பது வருடம் செம்பனை நின்ற மண், மரம் போன பிறகு என்ன ஆகிறது என்று படிக்க வேண்டும். விண்ணப்பக் கட்டுரையில் அதைத்தான் எழுதினேன். நான்கு முறை திருத்தி எழுதினேன்.

விண்ணப்பப் படிவத்தில் ‘குடும்பப் பெயர்’ என்று ஒரு கட்டம் இருந்தது. எங்களுக்கு அப்படி ஒன்று ஏது? வெறுமையாக விட்டால் கட்டம் சிவப்பாகிறது, அடுத்த பக்கம் போக விடுவதில்லை. அடையாள அட்டையில் என் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர்தானே இருக்கிறது என்று அதையே அங்கே போட்டுவிட்டேன்.

அன்றிலிருந்து அவர்கள் அனுப்பிய மின்னஞ்சல் எல்லாம் அப்பா பெயரோடு, ஜப்பானிய மரியாதைக்கு, ‘சான்’ சேர்த்து வந்தது. இடம் கிடைத்த செய்தியும் அப்படித்தான். அப்பாவிடம் காட்டினேன்.

“எனக்காடா எடம் குடுத்திருக்கான் ஜப்பான்காரன்?”

“ஒங்களுக்குதான்பா. எப்ப கெளம்புறீங்க?”

“ஹோட்டல்ல லீவு தரமாட்டான்லா,” என்றார். அம்மாவைக் கூப்பிட்டு, “இனிமே என்னைய சான்னு கூப்புடு,” என்றார்.

“சாணின்னு கூப்புடுறேன்,” என்றாள் அம்மா. அந்த வீட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான் என்று நினைக்கிறேன்.

உதவித்தொகை ஒப்பந்தத்தில் மையால் கையெழுத்துப் போட்டு, அசல் தாளையே குறித்த தேதிக்குள் திருப்பி அனுப்ப வேண்டும். தாள் கூரியரில் வருகிறது என்று எனக்குத் தெரியும். அம்மாவிடம் சொல்லவில்லை. கையில் கிடைத்த பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். உறைமேல் யார் பெயர் இருக்கும் என்று ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அந்தப் புதன்கிழமை தெரியாத எண்ணிலிருந்து இரண்டு அழைப்புகள் வந்தன. இந்தக் காலத்தில் தெரியாத எண் என்றால் ஏமாற்றுக்காரன்தான். இரண்டையும் துண்டித்தேன்.

அன்று மாலை நான் மோட்டார் சைக்கிளை நிறுத்துவதற்குள் அம்மா வெளியே வந்துவிட்டாள். முகத்தில் ஒரு பெருமை.

“தம்பி, இன்னிக்கு புதுசா ஒருத்தன அனுப்பிட்டானுங்க. தபால்காரன் இல்ல, வேற சட்டை. அப்பா பேர கரெட்டா சொல்றான். பெரிய கவரு, கெட்டியா இருந்திச்சி. போன்ல கையெழுத்து போடச் சொல்றான். நான் விடுவனா? தாக் அடா, தாக் அடான்னு சொல்லிட்டேன். இங்க அப்படி ஆளே இல்லன்னுட்டேன்.”

வேலிக்கு அந்தப் பக்கமிருந்து மண்டோர் மாமா, “ஒங்கம்மா கெட்டிக்காரிடா!” என்றார்.

“கவருல என்னா எழுதியிருந்திச்சிம்மா?”

“எனக்கு படிக்கத் தெரியுமா? ஒரு கொடி போட்டிருந்திச்சி. வெள்ளையில செவப்பு வட்டம்.”

கைப்பேசியை எடுத்து, துண்டித்த அந்த எண்ணைப் பார்த்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள்.

பெறுநர் அந்த முகவரியில் இல்லை என்று பதிவாகி, நான் கூரியர் அலுவலகத்துக்குப் போய்ச் சேருமுன் உறை திரும்பிப் போயிருந்தது. கெஞ்சி எழுதினேன். வேறு முகவரி கொடுத்தேன். தேதி கடந்துவிட்டது, உதவித்தொகை காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விட்டது, இடம் மட்டும் இருக்கிறது, முதலாண்டுக் கட்டணத்தை மாத முடிவுக்குள் கட்டினால் வரலாம் என்று மிகவும் மரியாதையாகப் பதில் வந்தது. அப்பா பெயரோடு, சான் என்று.

“சிலாங்கூருக்கே போறேன்பா. வேலை பாத்துக்கிட்டே படிக்கலாம்,” என்றேன்.

“அந்தக் கட்டணம் எவ்ளோடா?” என்று கேட்டார் அப்பா. அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் தபால்காரர் வந்தபோது அப்பா வேலைக்குப் போயிருக்கவில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பெயரைச் சொன்னதும், “சாயா,” நான்தான், என்று எழுந்தார்.

“டேய், வேணாம்டா!” என்று மண்டோர் மாமா வேலியைப் பிடித்துக்கொண்டு கத்தினார். “ஒருத்தன் போட்டா எட்டு வீடும் போயிரும்டா!”

அப்பா நின்றபடியே கையெழுத்துப் போட்டார். உறையைப் பிரிக்காமல் என்னிடம் நீட்டினார். “எவ்ளோ குடுக்குறான்னு படி,” என்றார்.

மண்டோர் மாமா அதன்பிறகு எங்களோடு பேசவில்லை. அந்த மாதத்துக்குள் இன்னும் நான்கு வீடுகள் கையெழுத்துப் போட்டன. கையெழுத்துப் போட்ட வீட்டுச் சுவர்களில் நிறுவனத்து ஆட்கள் சிவப்பு மையால் எண் எழுதிவிட்டுப் போனார்கள், எங்களுடையது ஒன்றாம் எண்.

மாத முடிவுக்குச் சில நாள் முன், ரெம்பாவில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு காசோலை கொடுத்தார்கள். கட்டணத்துக்கு அது போதும். அப்பா பெயரைச் சரியாக எழுதியிருந்தார்கள். தண்ணீர் பாக்கி பிடித்தது போக, இருபத்தாறாயிரத்து எண்ணூற்று அறுபது ரிங்கிட்.