உப்பளத்து மறைப்பு

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, கோடை விடுமுறையில் அம்மா என்னையும் உப்பளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஆசைப்பட்டு அல்ல. அப்பா லாரியில் ஏறினால் பதினைந்து நாள் கழித்துத்தான் திரும்புவார். என்னைத் தனியாக வீட்டில் விட்டுப்போக அவளுக்கு மனம் வரவில்லை. எனக்கோ பள்ளியில் சுற்றுலா கூட்டிப்போவதுபோல் ஒரே குதூகலம்.

காயல்பட்டினத்துக்கு வடக்கே, தாமிரபரணி கடலில் சேரும் இடத்தை ஒட்டிய அளம் அது. கண்ணுக்கெட்டிய மட்டும் வெள்ளைப் பாத்திகள், நடுவே வரப்புகள், மேலே வானம். ஒதுங்குவதற்கு ஓர் உடைமரம்கூடக் கிடையாது. அம்மா சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் சும்மாடு வைத்ததும் வேறு யாரோ போல் ஆகிவிடுவாள். ஆண்கள் வாரிக் குவித்த உப்பை, பெண்கள் தலையில் சுமந்து வந்து லாரி நிற்கும் மேட்டில் கொட்டவேண்டும். அம்மாவின் அக்காவான பெரியம்மாவும் அந்தக் கூட்டத்தில் உண்டு. அவள் இருந்தால் அங்கே பேச்சுக்குப் பஞ்சமில்லை.

வழக்கமாக இருட்டோடு தொடங்கி வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவார்களாம். கோடை மழை என்றால் ஒரு பொழுது தூறிவிட்டுப் போய்விடும். அந்த வருஷம் சித்திரையில் மூன்று நாள் நின்று அடித்தது. விளைந்த உப்பெல்லாம் கரைந்து போயிற்று. மழை விட்டதும் வெயில் முன்பைவிட மூர்க்கமாக வந்தது. மறுபடி மழை வருமுன், புதிதாக விளைந்த உப்பை எடுத்துவிட வேண்டும் என்று மதியம் இரண்டு மணி வரைக்கும் வேலை நீண்டது. “எட்டு மணிக்கே உச்சி வெயிலு அடிக்கி. நம்ம அம்மா காலத்துல இப்படியா இருந்துச்சு?” என்று பெரியம்மா வானத்தைப் பார்த்துத் திட்டுவாள். உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணைக் குத்தும். வெயில் மேலிருந்து மட்டுமல்ல, கீழிருந்தும் அடிக்கும்.

நான் வரப்பில் குடை பிடித்து உட்கார்ந்து, கொண்டுபோன தண்ணீரையெல்லாம் குடித்தேன். முதல் நாள் ஒன்பது மணிக்கெல்லாம் அதன் பலன் தெரிந்தது. அம்மாவின் காதில் சொன்னேன். அம்மா சுற்றிலும் பார்த்தாள். ஒரு பக்கம் லாரியில் ஆட்கள், மறுபக்கம் பாத்தியில் ஆட்கள். பெரியம்மாதான் சுமையை இறக்கி வைத்துவிட்டுக் கூப்பிட்டாள்.

“ஏளா, எல்லாரும் இங்கன வாங்க. பிள்ளைக்கு ஒண்ணுக்கு வருதாம்.”

ஐந்து பெண்கள் வந்து எனக்கு முதுகைக் காட்டி வட்டமாக நின்று, முந்தானையை விரித்துப் பிடித்தார்கள். சிவப்பு, பச்சை, ஊதா என்று சேலைக்குள் வெயில் நிறம் மாறி இறங்கியது. திருவிழாப் பந்தலுக்குள் இருப்பதுபோல் இருந்தது எனக்கு. அன்றைக்கே இன்னும் இரண்டு தடவை கேட்டேன். உண்மையைச் சொன்னால், மூன்றாவது தடவை எனக்கு ஒன்றும் வரவில்லை.

அந்த மூன்றாவது தடவைதான் கங்காணி மேட்டிலிருந்து சத்தம் போட்டார். “அங்கன என்ன கூட்டம்? லாரி நிக்கில்லா!”

“பிள்ளை ஒதுங்குது அண்ணாச்சி. நீங்க செத்த அங்கிட்டுத் திரும்பி நில்லுங்க” என்றாள் பெரியம்மா.

அவர் பதறிப்போய்த் திரும்பி நின்றதைப் பார்த்து எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவள் காலையில் வீட்டில் ஒரு மடக்குக் குடித்ததோடு சரி. நான் தண்ணீரை நீட்டினாலும் உதட்டை நனைத்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவாள். பெரியவர்களுக்கு அவ்வளவாகத் தாகம் எடுக்காது என்று நானாக முடிவு கட்டிவைத்திருந்தேன்.

நான்காம் நாள், பதினொரு மணி வெயிலில் அம்மா நடுங்கினாள். குளிருகிறது என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நடை வரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே வரப்பில் சரிந்தாள். தலைச்சுமை உப்பு அவள் மேலேயே கொட்டியது. பெண்கள் ஓடிவந்து கன்னத்தைத் தட்டினார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்தார்கள். அவள் கண் திறக்கவில்லை. நான் அழக்கூட மறந்து அவள் சட்டையிலிருந்து உப்பைத் தட்டிக்கொண்டே இருந்தேன். கங்காணியே தூக்கி லாரியின் முன்பக்கம் ஏற்றினார். பெரியம்மா மடியில் அம்மாவின் தலை. அம்மாவின் கால் என் மடியில். கொதித்தது.

அரசு ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டரம்மா ஒருவர் இருந்தார். பாட்டில் ஏற்றி, அம்மாவுக்கு நினைவு தெளிந்த பிறகு, கட்டில் ஓரத்தில் நின்று கேட்டார்.

“ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?”

“வேலைக்குப் போகு முன்ன ஒருக்க. வீட்டுக்கு வந்து ஒருக்க.”

“நடுவுல?”

அம்மா பெரியம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா திட்டவில்லை. சிறுநீரில் கிருமி சேர்ந்து கிட்னிவரை ஏறியிருக்கிறது, இந்த வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வேலை செய்தால் கிட்னி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப்போகும், அளத்திலிருந்து இப்படி நிறையப் பேர் வருகிறார்கள் என்று பொறுமையாகச் சொன்னார். அடிக்கடி தண்ணீர் குடிக்க வேண்டும், அடக்கி வைக்கவே கூடாது என்றார்.

“குடிக்கலாம் டாக்டரம்மா. குடிச்சிட்டு எங்கன போக?” என்றாள் பெரியம்மா.

டாக்டரம்மாவிடம் அதற்கு மாத்திரை இல்லை. நான்தான் உதவிக்கு வந்தேன். “நாங்கல்லாம் சுத்தி நிப்போம்லா!” என்று சத்தமாகச் சொன்னேன். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். தூக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

அம்மா பத்து நாள் வேலைக்குப் போகவில்லை. அந்தப் பத்து நாளுக்குள் அளத்தில் ஒரு காரியம் நடந்தது. ஒருநாள் காலை கடல் பக்கம் மறுபடியும் கருத்துக்கொண்டு வந்திருக்கிறது. வாரிக் குவித்த உப்பு அப்படியே கிடக்க, கங்காணி எல்லோரையும் விரட்டியிருக்கிறார். பெரியம்மா சும்மாட்டை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாளாம். அவளைப் பார்த்து மற்றவர்களும்.

“ஒரு மறைப்பு கட்டித் தாரோம்னு சொல்லுங்க அண்ணாச்சி, இந்தா எந்திரிச்சிருதோம். இல்லன்னா உப்பு நனையட்டும்.”

கங்காணி வானத்தைப் பார்த்தார், உப்பைப் பார்த்தார், முதலாளிக்குப் போன் போட்டார். மழைக்குப் பயந்துதான் சம்மதித்தார்கள் என்று பெரியம்மா இன்றைக்கும் சொல்வாள். கங்காணிக்கும் கொஞ்சம் மனசு இருந்திருக்கும் என்பது அம்மாவின் கட்சி. லாரியில் தன்னைத் தூக்கி வைத்தவர் அவர்தானே என்பாள். எப்படியோ, நான்கு கம்புகள் வந்தன. பெண்கள் பனையோலை கொண்டுவந்து தாங்களே கட்டினார்கள். அன்றைக்கு மழை வரவில்லை.

பதினோராம் நாள் அம்மாவோடு நானும் போனேன். மேட்டுக்குப் பின்னால், ஆள் உயரத்துக்கு, காற்றில் சலசலத்துக்கொண்டு அது நின்றது. கதவுக்குப் பதில் ஒரு சாக்கு. என்னைத்தான் முதலில் உள்ளே அனுப்பினார்கள். எனக்கு அது பிடிக்கவே இல்லை. நிறம் எதுவும் இல்லாமல் ஒரே ஓலை வாடை. பழைய மாதிரியே எல்லோரும் சுற்றி நில்லுங்கள் என்று அடம்பிடித்தேன். யாரும் வரவில்லை.

பெரியம்மா அன்றைக்கு ஒரு தூக்குவாளி நிறைய மோர் கொண்டுவந்திருந்தாள். எனக்கும் உண்டு என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். பத்து மணிக்கு அம்மா சும்மாட்டை எடுத்துவிட்டு வாளியை அண்ணாந்து பிடித்தாள். ஒரு மடக்கு, இரண்டு மடக்கு என்று நான் எண்ணிக்கொண்டு நின்றேன். கழுத்து ஏறி ஏறி இறங்கியது. வழிந்தது அப்பாவின் சட்டையை நனைத்தது. வாளியைக் கீழே வைத்தபோது அடியில் கறிவேப்பிலை மட்டும்தான் ஒட்டிக்கொண்டிருந்தது.

“பையக் குடி, யாரும் பிடுங்கலட்டி” என்றாள் பெரியம்மா.

என் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். வீடு வரும்வரை அம்மாவோடு நான் பேசவில்லை. அவள் என் கையை விடாமல், எதையோ நினைத்துச் சிரித்துக்கொண்டே நடந்தாள். அடுத்தவள் பங்கு மோரைக் குடித்ததில் அப்படி என்ன சந்தோஷம் என்று எனக்கு விளங்கவே இல்லை.