சீர்த்தட்டில் வந்த லைட்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் அக்கா வீட்டுக்காரரைக் கிட்டத்தட்ட வண்டியோடு உருட்டிவிட்டேன். பதறாதீர்கள். ஆள் நலம். வண்டியும் நலம். இதை எழுத உட்காரும்போதுதான் அத்தான் போன் செய்து, "கறி எடுத்திருக்கேன் மாப்ள, மத்தியானம் வந்துரு" என்றார். அந்தக் குரலைக் கேட்டதும் அப்பாடா என்று இருந்தது.

அத்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சேத்தூர்ப் பக்கம் தென்னந்தோப்பு பார்க்கிறார். சும்மா இருக்கிற ஆளா? ஒரு பழைய ஜீப்பை வாங்கினார், பெரிய டயர் மாட்டினார், கம்பிக்கூண்டு கட்டினார் — பாறை ஏற ஆரம்பித்துவிட்டார். ராக் கிராலிங் என்கிறார்கள். வேகமே கிடையாது. கரடுமுரடான பாறைமேல் ஜீப்பை அடியடியாக ஏற்றி, அதேபோல் இறக்க வேண்டும். முன்னால் ஒருவர் நின்று, ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிக்கணும் என்று கைகாட்டுவார். அந்தக் கையை நம்பித்தான் டிரைவர் சக்கரத்தை வைப்பார்.

கைகாட்டுகிற ஆள்... அடியேன்தான்.

சமீபத்தில் ராஜபாளையத்தில் புது வீடு கட்டி அக்கா பால் காய்ச்சினாள். பிறந்த வீட்டுச் சீர் நான்தான் கொண்டுபோக வேண்டும். "என்ன வேணும் அத்தான், கூச்சப்படாமச் சொல்லுங்க" என்றேன்.

"ஜீப்புக்கு லைட்டு வாங்கிக் குடு மாப்ள. பொழுது சாஞ்சுட்டா எறங்கச் சிரமமா இருக்கு. சின்னதாப் போதும்."

சின்னதாப் போதும்! எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைமார் இப்படிச் சொன்னால் அதை யாராவது அப்படியே எடுத்துக்கொள்வார்களா? பந்தியில் 'போதும் போதும்' என்று இலைமேல் கையை விரிப்பார்கள். நாம் விரலிடுக்கில் இன்னும் ஒரு கரண்டி ஊற்றிவிட்டுத்தான் நகர வேண்டும். ஊற்றாமல் நகர்ந்தவனைப் பற்றி எத்தனை வருடம் பேசுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

கடையில் இரண்டு ரகம் எடுத்துப் போட்டார்கள். ஒன்று, கைமுட்டி அளவில் நாலு குட்டி லைட். ஒவ்வொரு சக்கரத்துக்கும் மேலே, மட்கார்டுக்கு அடியில் மாட்டுவது. டயர் எந்தக் கல்லில் நிற்கிறது என்று பக்கத்திலேயே காட்டும். இன்னொன்று, கூரைமேல் மாட்டும் லைட் பார். ஜீப்பின் அகலத்துக்கு நீளம். போட்டால் பக்கத்து ஊரே தெரியும்.

நானும் வீடியோவெல்லாம் பார்த்துவிட்டுத்தான் போனேன். தூரம் பாய்கிற வெளிச்சம் ரோட்டுக்கு. பாறைக்குத் தேவை பக்கத்தில் விரிகிற வெளிச்சம். எல்லாம் தெரியும்! ஆனால் சீர் ஊர்வலத்தை நினைத்துப் பார்த்தேன். முன்னால் மேளம். பழத்தட்டு, பால்கோவாத் தட்டு, பட்டுப்புடவைத் தட்டு... நடுவில் ஒரு தட்டில் எலுமிச்சம்பழம் மாதிரி நாலு லைட்டா? கூட வந்த என் மனைவி ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள்.

"பாக்குறவுக கண்ணுக்குத் தெரிய வேண்டாமா?"

லைட் பார் தட்டில் அடங்கவில்லை. இரண்டு தட்டுகளைச் சேர்த்துப் பிடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, ரிப்பன் கட்டிக் கொண்டுபோனோம். தெருவே வேடிக்கை பார்த்தது. ஒரு பெரியவர், "டியூப் லைட்டா?" என்று கேட்டார். அத்தான் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது. சந்தோஷத்தில் திகைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஆலங்குளம் பக்கத்தில் அத்தானின் நண்பருக்கு வேலை நின்றுபோன சுண்ணாம்புக்கல் குவாரி ஒன்று இருக்கிறது. அவரிடம் கேட்டுக்கொண்டுதான் போவோம். அன்று அக்காவும் காற்று வாங்க வந்திருந்தாள். ஜீப் மேலே ஏறி, திரும்ப இறங்கும்போது இருட்ட ஆரம்பித்துவிட்டது. அத்தானுக்கு வலது பக்கம் ஒரு பழைய வெட்டுக்குழி. நல்ல ஆழம், அடியில் தண்ணீர். அத்தான் லைட் பாரைப் போட்டார்.

அவ்வளவுதான். எனக்கு ஜீப்பே தெரியவில்லை! வெள்ளைக் கல், வெள்ளைத் தூசி, வெள்ளை வெளிச்சம் — இதில் எது மேடு, எது பள்ளம்? லைட் நேராக என் கண்ணில் அடித்தது. சக்கரம் இருக்கும் இடம் ஒரே கறுப்பு.

வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்கிறீர்களா? எப்படிச் சொல்வது? நான் கொண்டுபோன சீரை நானே குறை சொல்வதா? குத்துமதிப்பாகக் கையை ஆட்டினேன்.

"வாங்க அத்தான்... வாங்க... லேசா ரைட்ல ஒடிங்க..."

"ஏலே! எங்கலே கூப்பிடுதே?" ஓரமாக நின்றிருந்த அக்கா அலறினாள். "முன்சக்கரம் விளிம்புல நிக்குதுலே!"

சின்னக் கற்கள் சரிந்து தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது.

"என்னங்க, பிரேக்கப் போடுங்க! அந்த எழவெடுத்த லைட்ட மொதல்ல அமத்துங்க!"

அத்தான் பிரேக்கைப் போட்டார். லைட்டை அணைக்கவில்லை. உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது. "மாப்ள ஆசையா வாங்கிக் குடுத்தது... அவன் முன்னாடி நிக்கும்போது எப்படி அமத்துறது?"

"அத்தான், எனக்குக் கண்ணே தெரியலை!"

"எனக்குந்தான் மாப்ள! பானெட்டுல பட்டு மூஞ்சியில அடிக்குது. நீ வருத்தப்படுவேன்னு சொல்லலை!"

கேட்டீர்களா கதையை? ஓட்டுகிறவருக்கும் தெரியவில்லை, வழிகாட்டுகிறவனுக்கும் தெரியவில்லை. ஒருவர் மனதை ஒருவர் நோகடிக்காமல், குழியைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்திருக்கிறோம்!

லைட் அணைந்தது. அக்கா என் காரிலிருந்த டார்ச்சை எடுத்துவந்து, சக்கரத்துக்கு முன்னால் கொஞ்சம் தள்ளித் தரையோடு தரையாக வைத்தாள். சாய்ந்து விழுந்த அந்தச் சின்ன வெளிச்சத்தில் கல்லுக்குக் கல் நிழல் விழுந்தது. நிழல் விழுந்ததும் பள்ளம் தெரிந்தது. டயருக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை.

"லெஃப்ட்ல முழுசா ஒடிங்க அத்தான்... மெதுவா விடுங்க... இன்னும்... இன்னும்... வாங்க..."

வந்துவிட்டார். அம்மாடி! நான் அப்படியே தூசியில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வருகிறது, நிறுத்த முடியவில்லை. அத்தான் இறங்கி வந்து என் முதுகில் தட்டினார். "லைட்டு நல்ல லைட்டுதான் மாப்ள. எடந்தான் சரியில்லை."

அப்போதும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை பாருங்கள்!

உப்பில்லாத குழம்பை 'ஆகா' என்று சாப்பிடுகிறோம். பிடிக்காத சட்டையைப் போட்டுக்கொண்டு, கொடுத்தவர் கண்ணில் படும்படி நிற்கிறோம். தப்பில்லை, குடும்பம் அப்படித்தான் ஓடும். ஆனால் பாறைமேல் ஓடாது. ஜீப் வைத்திருக்கும் வாசகர்களே, லைட் சின்னதாக இருக்கட்டும், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கட்டும். தூசியில் மஞ்சள் வெளிச்சம் கண்ணை உறுத்தாது. முன்னால் ஆள் நின்றால் கூரை லைட்டை அணைத்துவிடுங்கள் — கொடுத்தவர் யாராக இருந்தாலும்.

சரி, குவாரிக்கு வருவோம். அக்கா என்னைப் பார்த்து, "நாளைக்கே இத கடையில குடுத்துட்டுச் சின்ன லைட்ட வாங்கிட்டு வாலே" என்றாள்.

"சீரைப் போய்த் திருப்பிக் குடுக்கறதா?" அத்தான் பதறினார். "ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு வந்து இந்தக் குழிக்குள்ள எறங்கி ஒங்களத் தேடுமாக்கும்?" அக்காவுக்குக் குரல் உடைந்துவிட்டது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குச் சீரும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். இந்த மனுசன் வேணும்."

அத்தனை வருடம் ராணுவத்தில் விறைப்பாக நின்ற அத்தான், வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். டார்ச் வெளிச்சத்தில் அது ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது.