சுனையில் தண்ணீர்

எதிர் வீட்டில் கொட்டியிருக்கும் ஜல்லிக் குவியல் மேல் கொத்தனார் மத்தியானத்தில் தண்ணீர் பீய்ச்சும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. சுட்ட கல்லில் தண்ணீர் பட்டு எழும் அந்த வாசனை, கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குன்றின் வாசனை.

மே மாத லீவில் அக்காவும் நானும் அதில் ஏறுவோம். செருப்பு கிடையாது, பாறை காலைப் பொசுக்கும். அதனால் இரண்டு துண்டுகளை நனைத்துக்கொண்டு போய், ஒன்றை விரித்து இருவரும் அதன்மேல் நின்று, அடுத்ததை முன்னால் விரித்துத் தாவி, பின்னால் கிடப்பதை உருவி மறுபடி முன்னால் போட்டு, துணி காய்வதற்குள் உச்சியில் இருக்கும் சுனைக்குப் போய்விட வேண்டும்.

"எரும, சீக்கிரம் வாடா, துண்டு காஞ்சிக்கினே வருது!" என்று அக்கா கத்துவாள். சுனையில் இடுப்பளவு தண்ணீர். அந்த வெயிலிலும் பல் கிட்டும்.

கம்பெனிகள் கட்ட அந்தக் குன்றை வெடி வைத்து ஜல்லியாக்கி விற்றுவிட்டார்கள். ஊரே கத்தியது, ஒருத்தனும் காதில் வாங்கவில்லை. இப்போது அங்கே கிடுகிடு பள்ளம்தான், அதில் பச்சைத் தண்ணீர், சுற்றிலும் முள்கம்பி.

கல்யாணமாகி சூரத்துக்குப் போன அக்கா, அம்மா செத்த பிறகு ஊர்ப்பக்கமே வரவில்லை. குன்று போனதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேற்று போன் செய்தாள்.

"லீவுக்குப் பசங்களக் கூட்டிக்கினு வரேன்டா. ரெண்டு துண்டு எட்த்து வை. சுனைல தண்ணி கீதா?"

"கீதுக்கா," என்றேன். "நெறைய கீது."