ராத்தாவின் பக்கம்

மூத்த சகோதரியை நாங்கள் ராத்தா என்போம். என் ராத்தாவுக்குச் சோற்றைக் கண்டால் பயம். ரமழான் முடிந்து பெருநாள் போன பிறகும் நோன்பு பிடித்துக்கொண்டே இருந்தாள். விட்ட நோன்பு, கட்டாயமில்லாத சுன்னத்தான நோன்பு என்று தினமும் ஒரு காரணம் வைத்திருந்தாள். ஓட்டமாவடியில் எங்கள் தெருவே அவளை மெச்சியது. ஒருநாள் பள்ளிக்கூடத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் அது பக்தியல்ல, நோய் என்று டொக்டர் சொன்னார். தனியே சாப்பிட விடக்கூடாது, அடுத்த கிளினிக் நாளுக்குள் எடை கூடாவிட்டால் வார்டில் சேர்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

உம்மா ஒரு வழி கண்டார். கல்யாண வீடுகளில் ஆறு பேர் சுற்றியிருந்து உண்ணும் பெரிய தட்டு சகன். அதை இறக்கி, தனக்கும் எங்கள் இருவருக்கும் ஒன்றாகச் சோறு போட்டார். கூட்டத்தோடு கை வைத்தால் பிள்ளை தானாகத் தின்னும் என்று நம்பினார்.

எனக்கு எட்டு வயது. வார்டுக்குப் போனால் ராத்தா திரும்பி வரமாட்டாள் என்று நானே முடிவு செய்திருந்தேன். உம்மா கறி எடுக்கத் திரும்பும்போதெல்லாம் அவள் தன் பக்கத்துச் சோற்றை என் பக்கம் தள்ளுவாள்.

“கெதியாத் தின்னு. உம்மாட்டச் சொல்லாத, என்ன?”

தொண்டை அடைக்க விழுங்கினேன். காலியான சகனைக் கண்டு உம்மா “அல்ஹம்துலில்லாஹ்” என்று கண் கலங்குவார். சகன் காலியானால் வார்டு இல்லை. ராத்தாவை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று எனக்குப் பெருமை வேறு. ஆனாலும் அவள் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் பயமாக இருந்தது.

கிளினிக்கில் எடை முன்னையதைவிடக் குறைந்திருந்தது.

“மூணு நேரமும் என்ட கண் முன்னாலதானே டொக்டர் தின்டாள்!” என்று உம்மா கெஞ்சினார். அங்கே யாரும் அவரை நம்பவில்லை. அது எனக்குப் பொறுக்கவில்லை.

“நான்தான் உம்மா தின்ட” என்று அழுதுவிட்டேன்.

ராத்தாவை வார்டில் சேர்த்தார்கள். போகும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அவள் வீடு திரும்பிய அன்று பகல், உம்மா சகனை அவளுக்கும் தனக்கும் நடுவில் வைத்தார். எனக்கு வேறாக ஒரு பீங்கானில் சோறு போட்டு நீட்டினார்.

“நீ வாசல்ல இருந்து தின்னு மகள். ராத்தாவ நான் பாத்துக்குறன்.”

செய்த குற்றத்துக்கு என்னைத் தள்ளி வைத்துவிட்டார் என்றே நினைத்து, அழுதுகொண்டே தின்றேன். இனி என் பசிக்கு மட்டும் நான் தின்றால் போதும் என்றுதான் உம்மா சொன்னார் என்பது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.