சொரிமுத்துவின் ஸ்பீட் டெஸ்ட்

கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் எங்கள் சந்தில் யார் புது போன் வாங்கினாலும் முதலில் சொரிமுத்து கையில் கொடுத்தாக வேண்டும். அம்பாசமுத்திரத்துக்காரர், இந்த மலையாள ஊருக்குப் பிழைக்க வந்த பரோட்டா மாஸ்டர். சாயங்காலம்தான் கல்லில் நிற்பார். காலையெல்லாம் ஸ்பீட் டெஸ்ட் போட்டு, முள் ஏறுவதைக் கண் கொட்டாமல் பார்ப்பார்.

"அண்ணாச்சி, ஒங்க 4ஜி மாட்டுவண்டி. என் 5ஜியப் பாருங்க, ராக்கெட்டு!"

இதையே சொல்லிச் சொல்லிக் கரைத்தார். சந்து முழுக்க ஓட்டல் வேலைக்காரர்கள். ஒவ்வொருவராக போனையும் கம்பெனியையும் மாற்றினார்கள். இஸ்திரிக் கடை வைத்திருக்கும் நானும் மாறினேன். மாறாதது அவர் மனைவி வடிவம்மாள் மட்டும்தான். "பேசுனா கேக்குதுல்லா, போதும்" என்று பழைய 4ஜியிலேயே இருந்துவிட்டார்.

மகள் இசக்கி பி.காம். முடித்து வேலைக்கு அலையாத இடமில்லை. கடைசியில் கொச்சிக் கம்பெனி ஒன்று வீடியோவில் இன்டர்வியூவுக்கு அழைத்தது. மதியம் மூன்றரைக்கு. சொரிமுத்து காலையிலேயே டெஸ்ட் போட்டுப் பார்த்துவிட்டு, தன் போனை மகள் கையில் பெருமையாகக் கொடுத்தார்.

தேய்த்த சுடிதாரைக் கொடுக்கப் போன நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். முதல் கேள்வியிலேயே படம் உறைந்தது. "மேடம், கேள்க்காமோ?" என்று இசக்கி மலையாளத்தில் கெஞ்சினாள். பத்து நிமிஷம் பார்ப்போம், இல்லையென்றால் அடுத்த ஆள் என்று சொல்லிவிட்டு இன்டர்வியூ எடுத்த அம்மாள் போய்விட்டார். பிள்ளை அழ ஆரம்பித்தாள்.

சொரிமுத்து டெஸ்ட் போட்டார். முள் நொண்டியது. "காலையில ராக்கெட்டால்லா போச்சு!"

"காலையில எல்லாரும் ஓட்டல்ல நிப்பானுவ. நீங்க ஒத்த ஆளா ஓட்டிப் பாத்திய. இப்ப மதியச் சாப்பாட்ட முடிச்சிட்டு வந்து சந்தே படுத்துக்கிட்டுப் படம் பாக்கு" என்று சொல்லிக்கொண்டே வடிவம்மாள் தன் போனை மகளிடம் நீட்டினார்.

எல்லோரும் புது பஸ்ஸில் ஏறிவிட்டால் பழைய பஸ்ஸில் காலை நீட்டிக்கொண்டு போகலாம், அவ்வளவுதான். அரை மணி நேரம் படம் ஒரு தடவைகூட நிற்கவில்லை. இன்டர்வியூ அம்மாள் சிரித்தது வாசல் வரைக்கும் கேட்டது. இரண்டாவது ரவுண்டு அடுத்த வாரம், இதே நேரம் என்றார்கள்.

சொரிமுத்து மனைவியின் போனை வாங்கி டெஸ்ட் போட்டார். முள் விறுவிறுவென்று ஏறியது. முகமெல்லாம் பல்லாக, சந்துக்கே சொல்ல வாசலுக்குப் பாய்ந்தவரின் சட்டையை வடிவம்மாள் பிடித்துக்கொண்டார்.

"மூச்சு விடக்கூடாது. இன்னும் ஒரு ரவுண்டு கெடக்கு."

அந்த நேரம் பார்த்து எதிர் ரூம் ரதீஷ் புது போனோடு வந்து நின்றான். "மாஸ்டரே, ஏதாணு ஸ்பீடு? 4ஜியோ 5ஜியோ?"

சொரிமுத்து மகளைத் திரும்பிப் பார்த்தார்.

"5ஜிதான், சம்சயமென்ன!" என்றார்.

நானும் தலையாட்டினேன்.