வாய்வு என்று சொன்ன வாய்

புத்தூர்த் தம்பிஐயா வாயால் பிழைத்தவர். கலியாணத் தரகர். எந்த வீட்டில் எந்தக் குறை என்ன பெயரில் ஒளிந்திருக்கிறது என்பது அவருக்கு அத்துப்படி. வலிப்பைப் ‘பயந்த சுபாவம்’ என்பார்கள், குடியை ‘உடம்பு அலுப்புக்கு’ என்பார்கள். அவற்றுக்கு இன்னும் நல்ல பெயராகச் சூட்டி அடுத்த வீட்டில் சொல்வதுதான் அவருடைய தொழில்.

தொண்ணூற்றோராம் ஆண்டில் ஒரு காலை, சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தவரின் வாய் கோணி, வலக்கை தொங்கிப்போனது. மத்தியானத்துக்குள் பேச்சுத் திரும்பிவிட்டது. கை முழுதாகத் திரும்பவில்லை. ஆசுபத்திரியில் தேடினார்கள். பிறசர் இல்லை, சீனி இல்லை, ஈ.சி.ஜி.யும் ஒழுங்கு. ஊர் செய்வினை என்றது. செய்திருக்கக்கூடிய வீடுகள் என்று பார்த்தால் பதினேழு தேறின.

“காரணம் பிடிபடாட்டி இன்னொருக்கா வரும் ஐயா. அடுத்தமுறை பேச்சுத் திரும்பும் எண்டு சொல்லேலாது,” என்றார் டொக்டர்.

தம்பிஐயாவுக்குச் சாவைவிட அதுதான் பயமாக இருந்தது. ஊமைத் தரகரை எவன் வீட்டுப் படலைக்குள் விடுவான்?

“நெஞ்சுக்குள்ளை ஏதும் செய்யிறதோ?” என்று கேட்டார் டொக்டர்.

“சீச்சீ. எனக்கு வாய்வு மட்டுந்தான். இடைக்கிடை எழும்பி நெஞ்சிலை துடிச்சிட்டுப் போகும். இஞ்சி குடிச்சா அடங்கும்.”

பக்கத்தில் நின்ற மனைவி சிவக்கொழுந்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

“டொக்டர், உவர் வாய்வு எண்டா நம்பாதேங்கோ. செல்வரட்ணத்தாரின்ரை மகனுக்கும் உதே படபடப்புத்தான். அதை வாய்வு எண்டு சொல்லித்தான் உவர் கலியாணம் கட்டி வைச்சவர்.”

டொக்டர் சிரித்துவிட்டு அவரை ஆசுபத்திரி வாட்டிலேயே மறித்து வைத்தார். இரண்டாம் நாள் பின்னேரம் வாய்வு எழும்பியது. சிவக்கொழுந்து ஓடிப்போய் டொக்டரைக் கூட்டிவந்தாள். அவர் நாடியைப் பிடித்தார், திரும்பவும் ஈ.சி.ஜி. எடுத்தார்.

“நெஞ்சு தாறுமாறாத் துடிக்குது. அதிலை இரத்தம் கட்டிபட்டு மூளைக்குப் போயிருக்கு. துடிப்பு அடங்கின பிறகு தேடினா ஆருக்கும் பிடிபடாது.”

டொக்டர் எழுதித் தந்த குளிசையோடு வெளியே வந்தவருக்கு முதலில் நிம்மதி, பிறகு ஒரே வெட்கம். செல்வரட்ணத்தாரின் மகனுக்கு முப்பது வயதுதான். அவர் நேரே அந்த வீட்டுக்குப் போனார். மருமகள் இராசாத்தி முற்றத்தில் நின்றாள்.

“பிள்ளை, உன்ரை மனிசனுக்கு வாய்வில்லை. நெஞ்சு. தெரிஞ்சுகொண்டுதான் நான் பொய் சொன்னனான். இண்டைக்கே டொக்டரிட்டைக் காட்டு.”

“கலியாணம் முடிஞ்ச கிழமையே எனக்கு விளங்கீட்டுது. என்ரை மூச்சிழுப்பைச் சளித் தடிமன் எண்டு இந்த வீட்டாருக்குச் சொன்னதும் நீங்கள்தானே,” என்றாள் இராசாத்தி. பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். “இஞ்சாருங்கோ, சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வாங்கோ. உங்கடை வாய்வைக் காட்டப் போறம்.”

அவர்கள் போக எடுத்த சைக்கிளுக்குக் காற்றுப் போதவில்லை. தம்பிஐயா வாயே திறக்காமல், நல்ல கையால் பம்பைப் பிடித்து அடித்துக் கொடுத்தார்.